கடைசி நிமிடத்தில் வகுப்பறை மாறினால் மாணவர்களுக்கு எப்படிச் சொல்கிறீர்கள்?

கேள்வி: செந்தூல்_ஆசிரியை

வணக்கம். கோலாலம்பூரில் ஓர் உயர்கல்விக்கூடத்தில் முதலாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை. பல இடங்களில் நடப்பதுதான் இது.

திங்கட்கிழமை காலை 8 மணி விரிவுரை, 86 மாணவர்கள். 7.25க்கு நிர்வாக அலுவலகத்திலிருந்து எனக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி வந்தது: மண்டபத்தில் இன்று வேறு நிகழ்ச்சி, நீங்கள் சி கட்டடத்துக்குப் போய்விடுங்கள். அப்போது நான் ஜாலான் ஈப்போ நெரிசலில் இருந்தேன். ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை ஓரங்கட்டி வகுப்புக் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். வகுப்புத் தலைவரையும் கூப்பிட்டுச் சொன்னேன். 8 மணிக்குப் புது அறையில் பாதிப் பேர்கூட இல்லை. 8.40 வரை ஒவ்வொருவராக மூச்சு வாங்க வந்துகொண்டே இருந்தார்கள்.

எனக்கு இன்னும் மனம் ஆறாதது ஒரு மாணவியை நினைத்துத்தான். ரவாங்கில் வீடு. விடியும் முன்பே கிளம்பி, கொமுட்டர் ரயில் பிடித்து, கேஎல் சென்ட்ரலில் மாறி, அப்புறம் பஸ் ஏறி வருகிறவள். அன்றைக்குக் கைப்பேசியில் இணைய டாட்டா முடிந்துவிட்டது. பழைய மண்டபத்துக்கு வந்து பார்த்தால் உள்ளே மேசை விரிப்பு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வகுப்பு ரத்து என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். வருகைப் பதிவில் அவள் வரவில்லை என்று ஏறிவிட்டது.

எங்களிடம் 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் இறுதித் தேர்வு எழுதலாம். 14 வாரப் பருவத்தில் வாரம் ஒரு விரிவுரை என்றால் இரண்டைத்தான் விட முடியும். மூன்றாவது விட்டால் 78.5 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போன நாட்களில் அந்தப் பெண் ஏற்கெனவே இரண்டு விரிவுரைகளை விட்டிருக்கிறாள்.

“மாணவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்” என்பதுதான் எனக்கு அலுவலகத்தில் கிடைத்த பதில். அதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் இடங்களில் உண்மையிலேயே வேலை செய்கிற வழி ஏதாவது இருக்கிறதா? செய்தி அனுப்புவதைத் தவிர வேறென்ன செய்கிறீர்கள்?

பதில்: பட்டர்வொர்த்_மாணவி

வணக்கம் மேடம். நான் இரண்டாம் ஆண்டு, என் வகுப்புக்கு நான்தான் தலைவி. மாணவர் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு பாடத்துக்கு விரிவுரைக் குழு, டியூட்டோரியல் குழு, அசைன்மென்ட் குழு என்று மூன்று புலனக் குழுக்கள். ஐந்து பாடம் எடுத்தால் பதினைந்து. எல்லாவற்றையும் சத்தமில்லாமல் போட்டுத்தான் வைத்திருப்போம். இல்லாவிட்டால் இரவில் தூங்க முடியாது. அதற்கு மேல் ஒன்று: விரிவுரையாளர் செய்தி போட்ட உடனே எல்லாரும் “நோட்டட் டாக்டர்”, “தேங்க்யூ டாக்டர்” என்று மரியாதைக்குப் பதில் போட ஆரம்பிப்பார்கள். பத்து நிமிடத்தில் அறை எண் இருக்கிற செய்தி மேலே போய் மறைந்துவிடும். பிந்தி வருகிறவர் அறுபது நோட்டட்டைத் தாண்டித் தேட வேண்டும். அவர் தேடாமல் “எந்த ரூம்?” என்று கேட்பார். அதற்கு யாரோ தப்பாகப் பதில் சொல்வார்கள்.

நான் செய்தது இதுதான். அறிவிப்புக்கு மட்டும் தனிக் குழு, நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம். பார்த்தவர்கள் கட்டைவிரல் போட்டால் போதும். யார் போடவில்லை என்று பார்த்து அவர்களை நேராகக் கூப்பிடுவோம். பத்துப் பேர் சேர்ந்து ஆளுக்கு நாலு பேரைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். டாட்டா இல்லாதவருக்கும் சாதாரண அழைப்பு போகும்.

இன்னொன்று. எங்கள் விரிவுரையாளர் ஒருவர் குழு வேண்டாம் என்று புலனத்தில் பிராட்காஸ்ட் லிஸ்ட் வைத்திருந்தார். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அவருடைய எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி வரும். மற்றவர்களுக்கு வரவே வராது, அனுப்பியவருக்கும் அது தெரியாது. எங்களில் பாதிப் பேர் அவர் எண்ணைச் சேமிக்கவில்லை. நீங்கள் அதைப் பயன்படுத்தினால் முதல் வகுப்பிலேயே எல்லாரையும் எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

அந்த ரவாங் மாணவிக்காக வருத்தமாக இருக்கிறது. நானும் பினாங்குத் தீவுக்கு அக்கரையிலிருந்து வருகிறவள்தான்.

பதில்: ஜெலுத்தோங்_கிராணி

வணக்கம் அம்மா. நான் பினாங்குத் தீவில் ஓர் உயர்கல்விக்கூடத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பறை அட்டவணை பல வருடம் என் மேசையில்தான் இருந்தது. உங்கள் கேள்வியைப் படித்ததும் கொஞ்சம் விரிவாக எழுதத் தோன்றியது.

செய்தி மாணவனைத் தேடிப் போக வேண்டும் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். 7.25க்கு அவன் எங்கே இருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. ஒருவன் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மோட்டாரில் கிளம்பித் தீவுக்கு வரும் பாலத்தின் மேல் இருப்பான். முதல் பாலம் 13.5 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுக்க அவன் கைப்பேசியைத் தொடக்கூடாது, தொடவும் வேண்டாம். இன்னொருத்தி பெர்ரியில் நின்றுகொண்டிருப்பாள். ஒருவன் அப்போதுதான் குளித்துக்கொண்டிருப்பான். ஆனால் 8 மணிக்கு இவர்கள் எங்கே வந்து நிற்பார்கள் என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியும். பழைய அறையின் வாசலில். செய்தி கிடைக்காத ஒவ்வொருவரும் தவறாமல் வந்து சேர்கிற இடம் அதுதான். அங்கே ஒன்றும் எழுதி ஒட்டாமல் மற்ற வழிகளில் எத்தனை அனுப்பினாலும், உங்கள் ரவாங் பெண்ணைப் போல ஒருவர் விடுபட்டுப் போவார்.

கரும்பலகை இருந்த காலத்தில் அறை மாறினால் பழைய அறைப் பலகையில் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதிவிட்டுப் போவோம். அதில் ஒருவரும் தவறியதாக எனக்கு நினைவில்லை. பிறகு கைப்பேசி வந்தது, மின்னஞ்சல் வந்தது. பலகையில் எழுதுகிற பழக்கம் போய்விட்டது. இப்போது பல அறைகள் அட்டை தட்டினால்தான் திறக்கின்றன. அதனால் தாள் கதவுக்கு வெளியே இருக்க வேண்டும்.

அந்தத் தாளை எப்படி எழுதுவது என்பதில் நான் பிடிவாதக்காரன். ஏ4 தாளைப் படுக்கையாக வையுங்கள். பாடக் குறியீடு, நேரம், புது அறை, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஓர் அம்புக்குறி. மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள், எல்லா இனப் பிள்ளைகளும் இருக்கிற வகுப்பு அல்லவா. “டிகே 3” (விரிவுரை மண்டபம் 3) என்று மட்டும் எழுதினால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புரியாது. “கேன்டீனுக்குப் பின்னால், நூலகத்தைத் தாண்டி” என்று எழுதுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது தேதி. “இன்று மட்டும்” என்று எழுதித் தேதியையும் போடுங்கள். அப்படிப் போடாத ஒரு தாள் ஒரு வாரம் கதவிலேயே கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை வேறொரு வகுப்புப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுக் கூட்டமாக எதிர்க் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். ஒட்டுகிறவர் யாரோ அவரே மாலையில் கிழிக்க வேண்டும்.

நீங்கள் 7.25க்கு ஜாலான் ஈப்போவில் இருந்துகொண்டு தாள் ஒட்ட முடியாது, தெரியும். அந்த வேலை உங்களுடையதும் அல்ல. அறையை யார் எடுத்தார்களோ அவர்கள்தான் வாசலில் சொல்ல வேண்டும். நிகழ்ச்சிக்கு மண்டபம் கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒரு நிபந்தனை வைத்திருந்தேன்: 7.30 முதல் 8.30 வரை உங்கள் ஆள் ஒருவர் வாசலில் நிற்க வேண்டும், வருகிற பிள்ளைகளிடம் எங்கே போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால்தான் சாவி. முணுமுணுப்பார்கள், ஆனாலும் செய்தார்கள். மேசைக்கு விரிப்பு போடுகிற ஆட்களுக்கும் கேண்டீன்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கச் சொல்வேன். துப்புரவு வேலை செய்கிற அம்மாக்கள் 7 மணிக்கே வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் முதலில் கேட்பது அவர்களிடம்தான். அவர்களுக்குத் தெரிந்தால் கட்டடத்துக்கே தெரிந்த மாதிரி.

மூடுல் என்ற இணையக் கற்றல் தளத்தில் அறிவிப்புப் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு முறை 7.40க்கு ஓர் ஆசிரியர் அதில் அறிவிப்புப் போட்டார். மாணவர்களுக்கு மின்னஞ்சல் 8.10 தாண்டித்தான் போய்ச் சேர்ந்தது. கணினிப் பிரிவில் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. மூடுலில் கருத்துக்களப் பதிவை எழுதியவர் திருத்திக்கொள்வதற்காக 30 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், யாரும் மாற்றாத வரையில் அமைப்பு அப்படித்தான் இருக்கும். அந்த 30 நிமிடம் கழிந்த பிறகுதான் மின்னஞ்சல் கிளம்பும். தாமதமில்லாமல் உடனே அனுப்பு என்று பதிவு எழுதுகிற பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது, ஆசிரியர்கள் அதில் குறியிட வேண்டும். நாள் முழுவதற்கும் ஒரே மின்னஞ்சலாக வாங்கிக்கொள்கிறேன் என்று தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு அப்போதும் உடனே போகாது. அவசரத்துக்கு அதை மட்டும் நம்பக்கூடாது.

புலனத்தையும் அப்படித்தான். 2021 அக்டோபர் 4ஆம் தேதி உலகம் முழுக்கப் புலனமும் முகநூலும் பல மணி நேரம் முடங்கின. நமக்கு அது நள்ளிரவு. காலையில் நடந்திருந்தால் எத்தனை வகுப்பு தடுமாறியிருக்கும்!

வெள்ளிக்கிழமைகளில் கூடுதல் கவனம் வேண்டும். தொழுகைக்காக மதியம் 12.15 முதல் 2.45 வரை அலுவலகம் இருக்காது. 3 மணி வகுப்புக்கு 12 மணிக்கு அறையை மாற்றிவிட்டுப் போனால், குழம்புகிற பிள்ளைக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை. அதனால் வெள்ளி மதிய வகுப்புகளை அன்று காலை 10 மணிக்கு மேல் நான் மாற்ற விடமாட்டேன்.

இங்கேதான் பல ஆசிரியர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு. புரொஜெக்டர் வேலை செய்யவில்லை, குளிர்சாதனம் ஒழுகுகிறது என்று 7.45க்கு வேறு அறை கேட்பார்கள். தரமாட்டேன். கூரை ஒழுகினால், மின்சாரத்தில் ஆபத்து என்றால் மாற்றியே ஆக வேண்டும். புரொஜெக்டருக்காக மாற்றக்கூடாது. 86 பேருக்குத் தெரிந்த அறையில் வெள்ளைப் பலகையை வைத்துப் பாடம் நடத்துவது, பாதிப் பேருக்குத் தெரியாத நல்ல அறையில் நடத்துவதைவிட மேல். அன்றைக்கு நழுவல் காட்சி இல்லாவிட்டால் பரவாயில்லை, பிற்பாடு அனுப்பிக்கொள்ளலாம்.

அப்படியே மாற்ற நேர்ந்தால் முதல் 20 நிமிடம் புதுப் பாடம் எடுக்காதீர்கள், வருகைப் பதிவுக் குறியீட்டைக் காட்டாதீர்கள். வகுப்பு முடியும்போது காட்டுங்கள். அந்த 20 நிமிடத்தில் போன வாரப் பாடத்திலிருந்து ஒரு கேள்வியைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் வருகைக்கு: அலுவலகம் உங்களுக்கு 7.25க்கு அனுப்பிய செய்தியையும், நீங்கள் குழுவுக்கு அனுப்பிய செய்தியையும் நேரம் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். அவளிடம் கொமுட்டர் பயணப் பதிவு இருக்கும், அட்டையில் ஏறி இறங்கிய நேரம் தெரியும். மூன்றையும் வைத்துப் புலத்துக்கு (ஃபேக்கல்டிக்கு) எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டால் ஒருவரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள், காகிதமாகக் கொடுத்தால் யாராவது பதில் எழுதித்தான் ஆக வேண்டும். தாமதிக்காதீர்கள், இந்த வாரமே கொடுங்கள்.

செந்தூல்_ஆசிரியை

மிக்க நன்றி ஐயா, தங்கச்சிக்கும் நன்றி. இரண்டு பேர் சொன்னதையும் அச்செடுத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன்.

வகுப்புத் தலைவரிடம் சொல்லி அறிவிப்புக் குழுவை அன்றைக்கே தொடங்கிவிட்டோம், நோட்டட் போட வழியில்லாமல். ரவாங் மாணவிக்கும், கைப்பேசியில் டாட்டா அடிக்கடி தீர்ந்துபோகிற இன்னும் சிலருக்கும் நேரடி அழைப்புப் பட்டியல் போட்டாயிற்று.

கதவில் தாள் ஒட்டுவதில்தான் சிக்கல். போன புதன்கிழமை ஒரு டியூட்டோரியல் அறை மாறியது. முன்கூட்டியே தெரிந்ததால் நானே போய் ஒட்டினேன். திரும்பி வருவதற்குள் பாதுகாவலர் கிழித்துவிட்டார். மாணவர் விவகாரப் பிரிவின் முத்திரை இல்லாமல் எதுவும் ஒட்டக்கூடாது என்பது விதியாம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, விதியைத்தான் பின்பற்றினார். ஆனால் முத்திரை போடுகிற முகப்பு 9 மணிக்குத்தான் திறக்கும். 8 மணி வகுப்புக்கு என்ன செய்வது?

ஜெலுத்தோங்_கிராணி

எங்களிடமும் இருந்தது இந்தத் தொல்லை. வெற்றுத் தாளிலேயே முன்கூட்டி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அறை மாற்றத்துக்கென்று அச்சடித்த படிவம், மேலே முத்திரை, கீழே காலி இடம். முப்பது தாள் வாங்கிப் பாதுகாவலர் கூண்டிலேயே வைத்துவிடுங்கள். அலுவலகத்திலிருந்து 7.25க்கு உங்களுக்குச் செய்தி வந்தால் பாதுகாவலருக்கும் வரட்டும். அவர் அங்கேயே இருக்கிறார். எழுதி ஒட்ட அவருக்கு இரண்டு நிமிடம். கிழித்தவரே ஒட்டுகிறவர் ஆவார். ஒரு நாள் காலையில் அவரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள், ரவாங் பெண்ணுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். அவருக்கும் படிக்கிற பிள்ளைகள் இருக்கலாம்.

முத்திரை கொடுக்க மறுத்தால் துணைப் பதிவாளருக்கு எழுதுங்கள். பொது அறிவிப்புக்கான விதி வேறு, அறை மாற்றத்துக்கான தாள் வேறு என்று பிரித்துக் காட்டினால் ஒப்புக்கொள்வார்கள்.

பதில்: பிரிக்பீல்ட்ஸ்_தோழி

வணக்கம். நான் சக்கர நாற்காலியில் படித்து முடித்தவள், இப்போது வேலை செய்கிறேன். இங்கே எல்லாரும் எழுதியது நல்லதுதான், ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

“சி கட்டடம், அறை 3.12” என்று செய்தி வரும். மற்றவர்கள் ஓடிப்போய் ஏறிவிடுவார்கள். எனக்கு முதலில் தெரிய வேண்டியது அங்கே லிப்ட் இருக்கிறதா, இன்றைக்கு வேலை செய்கிறதா என்பது. சரிவுப் பாதையின் கதவு பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்பதும் தெரிய வேண்டும். ஒரு முறை லிப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு வகுப்பை மாற்றினார்கள். நான் கீழேயே உட்கார்ந்திருந்தேன். நண்பர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. படிக்கட்டில் அப்படித் தூக்குவது ஆபத்து. எனக்கு அது அவமானமாகவும் இருந்தது.

மாடி எண்ணையும் தெளிவாகச் சொல்லுங்கள். சில கட்டடங்களில் “ஆராஸ் 1” (மலாயில் தளம் 1) என்றால் தரைத்தளம், சிலவற்றில் ஒரு மாடி ஏற வேண்டும். நடக்க முடிந்தவர்களுக்கு அது ஒரு நிமிட அலைச்சல். எனக்கு ஒரு கட்டடத்தையே சுற்றி வர வேண்டும்.

நம் நாட்டில் 2008லேயே மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துவிட்டது, கல்விக்கான வசதியும் அதில் இருக்கிறது. அட்டவணை போடும்போது எங்களுக்கு ஏற்ற அறை தருகிறார்கள், அதில் குறையில்லை. கடைசி நிமிடத்தில் மாற்றுகிறபோதுதான் அது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. ஐயா சொன்ன படிவத்தில் “லிப்ட் உண்டா” என்று ஒரு கட்டம் அச்சடித்துவிடுங்கள். நிரப்புகிறவர் யோசித்தே ஆக வேண்டும். வகுப்பில் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) மாணவர் இருந்தால், அறையை மாற்றுவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், மாற்றிவிட்டு அல்ல.

செந்தூல்_ஆசிரியை

தோழி, என் வகுப்பில் ஊன்றுகோலோடு நடக்கிற மாணவர் ஒருவர் இருக்கிறார். சி கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது, ஆனால் முன்வாசல் முழுக்கப் படிகள். அன்றைக்கு அவர் 8.35க்குத்தான் வந்தார். நெரிசல் என்று நினைத்து நான் காரணம் கேட்கவில்லை. நாளை கேட்கிறேன்.

படிவத்தில் லிப்ட், சரிவுப் பாதை இரண்டுக்கும் கட்டம் போட்டு, மாடி எண்ணோடு “தரையிலிருந்து எத்தனை படிக்கட்டு” என்ற வரியும் சேர்த்து மாதிரி தயாரித்துவிட்டேன். முத்திரைக்காக வியாழக்கிழமை மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போகிறேன். ரவாங் மாணவியின் கடிதத்தைச் செய்திப் படங்களோடும் கொமுட்டர் பதிவோடும் புலத்தில் கொடுத்தாயிற்று, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.